வலிக்கு உண்ணும் மாத்திரையும் மூச்சுத் திணறலும்

(தோட்ட மக்களுக்கான நலவாழ்வு விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



தோட்டத்து வேலை உடலை வருத்தும் வேலை என்பதனை உங்களுக்கு நாங்கள் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நீண்ட கோலை உயர்த்திச் செம்பனைக் குலையை அறுப்பவருக்குக் கழுத்தும் தோளும் நோகின்றன. அறுத்த குலையைச் சுமப்பவருக்கு இடுப்பு நோகிறது. உதிர்ந்த பழங்களைக் குனிந்து பொறுக்கும் தாய்மார்களுக்கு முதுகு வலிக்கிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டச் செல்பவரின் முழங்கால், வயது ஏற ஏறத் தன் உழைப்புக்குக் கணக்குக் கேட்கிறது. மாலையில் வீடு திரும்பியதும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தால்தான் மறுநாள் எழ முடியும் என்னும் நிலையில் பலர் இருக்கின்றனர். தலைவலிக்கு ஒன்று, பல்வலிக்கு ஒன்று, மாதவிடாய் வலிக்கு ஒன்று என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டப்பாவில் நாலைந்து வகை மாத்திரைகள் கிடக்கின்றன.

இம்மாத்திரைகளால் பெரும்பாலோருக்கு நன்மையே விளைகிறது. அதில் ஐயமில்லை. ஆயினும், நம்மிடையே ஒரு சிலருக்கு வலியைப் போக்க வந்த அதே மாத்திரை மூச்சை அடைத்துவிடுகிறது. உண்ட ஒரு மணி நேரத்திற்குள் உயிருக்குப் போராடும் நிலைக்கு அவர்களைத் தள்ளிவிடுகிறது. அச்சிலர் யாவர், அவர்களை எவ்வாறு கண்டுகொள்வது, அவர்களை எவ்வாறு காப்பது என்பதனை விளக்குவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

பழைய மருந்து, பழைய எச்சரிக்கை

வலிக்கான மாத்திரைகளுள் மூத்தது ஆஸ்பிரின். அதன் மூலத்தை வில்லோ என்னும் நீரோரத்து மரத்தின் பட்டையில் மேல்நாட்டார் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டிருந்தனர். ஜெர்மனி நாட்டில் 1897ஆம் ஆண்டில் அது செம்மையான முறையில் ஆய்வுக்கூடத்திலே செய்யப்பட்டு, 1899ஆம் ஆண்டில் ஆஸ்பிரின் என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. நம் பெரியவர்கள் ‘அஸ்ப்ரோ’ என்று கேட்டு வாங்கிய மாத்திரையும் இதுவே.

இம்மருந்து சிலருக்கு ஆகாது என்பதும் புதிய செய்தியன்று. பாரிஸ் நகரத்து மருத்துவர் விடால் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1922ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வைத்தனர். ஆஸ்த்மா, மூக்கினுள் சதை வளர்ச்சி, ஆஸ்பிரின் ஒவ்வாமை ஆகிய மூன்றும் ஒரே ஆளிடத்தில் கூடியிருப்பதை அவர்கள் கண்டனர். பின்னர் 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாம்டர், பியர்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகள் பலரை ஆராய்ந்து விரிவாக எழுதியதன் பின், இது ‘சாம்டர் முக்கூட்டு’ என்றே மருத்துவ உலகில் வழங்கலாயிற்று.

இவ்வளவு காலமாக அறியப்பட்ட ஒன்று, மாத்திரையை அன்றாடம் உண்ணும் பொதுமக்களிடையே மட்டும் இன்னும் போதிய அளவு பரவவில்லை. அக்குறையைப் போக்கவே இதனை இங்கே எடுத்துரைக்கிறோம்.

இரண்டு வாய்க்கால்கள்

ஒரு மாத்திரை மூச்சை அடைப்பது எவ்வாறு? இதனை நம் தோட்டத்து வாய்க்காலைக் கொண்டே விளக்கலாம்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் இருக்கிறது. காயமோ வீக்கமோ ஏற்படும்போது அது வெளிப்பட்டு இரண்டு வாய்க்கால்களில் பாய்கிறது. முதல் வாய்க்காலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. வலி, காய்ச்சல், வீக்கம் ஆகியவற்றை உண்டாக்குபவை இவையே. இரண்டாம் வாய்க்காலில் லியூகோட்ரையீன் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. இவை மூச்சுக் குழாயை இறுக்கும், உட்சுவரை வீங்கச் செய்யும், சளியைப் பெருக்கும்.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் முதல் வாய்க்காலின் மதகை மூடுகின்றன என்பதனை 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஜான் வேன் கண்டறிந்தார். அதற்காக 1982ஆம் ஆண்டில் வேறு இரு அறிஞர்களோடு சேர்ந்து நோபெல் பரிசும் பெற்றார். மதகை மூடியதும் வலி குறைகிறது, காய்ச்சல் தணிகிறது. ஆனால், முதல் வாய்க்காலில் உண்டாகும் பொருள்களுள் ஒன்று, இரண்டாம் வாய்க்காலைக் கட்டுப்படுத்தும் வேலையையும் செய்து வருகிறது. நாம் மேலே சொன்ன ஒரு சிலருக்கு இரண்டாம் வாய்க்கால் எப்பொழுதுமே கரை தொட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு பொருளே அதனை உடைப்பெடுக்காமல் காத்து நிற்கிறது. மாத்திரை வந்து முதல் மதகை மூடியவுடன் அக்காவல் நீங்குகிறது. இரண்டாம் வாய்க்கால் பெருக்கெடுக்கிறது. மூச்சுக் குழாய் இறுகுகிறது.

போலந்து நாட்டு மருத்துவர் செக்லிக் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1975ஆம் ஆண்டில் ஓர் உண்மையைக் காட்டினர். முதல் மதகை மூடும் ஆற்றலுடைய மருந்துகள் எல்லாம் இந்நோயாளிகளுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கின. அவ்வாற்றல் இல்லாத மருந்துகள் உண்டாக்கவில்லை. ஆகவே குறை ஒரு மாத்திரையில் இல்லை. மதகை மூடும் அச்செயலில்தான் இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

இறால் தின்றால் சிலருக்கு உடம்பு தடிக்கிறதே, அத்தகைய ஒவ்வாமைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அங்கே உடல் ஒரு குறிப்பிட்ட பொருளை அடையாளங்கண்டு எதிர்க்கிறது. இங்கே அப்படியன்று. அதனால்தான் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ, இரத்தச் சோதனையோ இதனைக் காட்டிக் கொடுப்பதில்லை. நோயாளி கூறும் வரலாறே மருத்துவருக்கு முதல் துணை. உறுதி செய்ய வேண்டுமாயின், மருத்துவமனையிலே, தக்க காவலுடன், சிறு அளவில் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதனை வீட்டிலே எவரும் செய்து பார்த்தலாகாது.

யாரிடம் இது தோன்றும்?

ஆஸ்த்மா உள்ள பெரியவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. கடும் ஆஸ்த்மா உள்ளவர்களிடையே அது நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேராக உயர்கிறது. அப்படியாயின், ஆஸ்த்மா உள்ளவர்களிலும் மிகப் பலருக்கு இத்தொல்லை இல்லை. எனவே அனைவரும் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அந்த ஏழு பேர் யார் என்று அறிந்துகொள்வதே வேண்டப்படுவது.

இது பெரும்பாலும் முப்பது வயதையொட்டித் தலைகாட்டும் நோய். பெண்களிடம் சற்று மிகுதி. முதலில் ஒரு சளி பிடிக்கும். அது மாதக்கணக்கில் விடாது. மூக்கு எப்பொழுதும் அடைத்தே இருக்கும். பின்னர் மணம் தெரியாமற் போகும். தாளிக்கும் வாசனையும் தெரியாது. அடுப்பிலே குழம்பு கருகுவதும் தெரியாது. மூக்கினுள்ளே திராட்சை போன்ற சதை வளரும். அறுத்து எடுத்தாலும் மீண்டும் வளரும். அடுத்து இழைப்பு நோய் வந்து சேரும். சிறிதளவு மது அருந்தினாலும் மூக்கடைப்பும் இழைப்பும் மிகுவதாக இவர்களுள் பலர் கூறுவர். இவ்வளவிற்கும் பிறகு ஒரு நாள், வலிக்கு உண்ட மாத்திரை வினையாகிவிடும்.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். வயது 38. மூன்று ஆண்டுகளாக மூக்கடைப்பு. அண்மையில் இரவில் இழைப்பும் வருகிறது. பழம் பொறுக்கிவிட்டு முதுகு வலியோடு வருகிறார். “அக்கா, இதைப் போட்டுப் பாருங்கள், எனக்கு உடனே கேட்டது” என்று பக்கத்து வீட்டுத் தங்கை அன்போடு ஒரு மாத்திரையை நீட்டுகிறார். உண்ட முக்கால் மணி நேரத்தில் மூக்கிலிருந்து நீராய் ஒழுகுகிறது. கண் சிவக்கிறது. முகம் சூடேறிச் சிவக்கிறது. நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குவது போல இருக்கிறது. மூச்சு வாங்குகிறது. “காலையில் பனியில் நனைந்தது” என்று வீட்டார் நினைக்கின்றனர், தைலம் தேய்க்கின்றனர். மாத்திரையை ஒருவரும் ஐயுறவில்லை. இதுவே மிகப் பெரிய இடர். நோயைக் காட்டிலும், அதன் காரணத்தை அறியாமை கொடியது.

பொதுவாக, மாத்திரை உண்ட 30 நிமிடத்திலிருந்து 3 மணி நேரத்திற்குள் இக்குறிகள் தோன்றும் என்பதனை மனத்தில் இருத்த வேண்டுகிறோம். மூச்சு முட்டும்போதெல்லாம், “சற்று முன் என்ன மருந்து உண்டோம்?” என்னும் கேள்வி நம் வாயில் முதலில் வர வேண்டும்.

இங்கே மற்றொன்றையும் வலியுறுத்துவோம். “பத்து ஆண்டாக இம்மாத்திரையைத்தான் உண்கிறேன், ஒன்றும் ஆனதில்லை” என்று கூறுவோர் உண்டு. நேற்று வரை ஏற்றுக்கொண்ட உடல், மூக்கு நோயும் இழைப்பும் தோன்றிய பின்னர் ஏற்க மறுக்கலாம். பழகிய மருந்து என்பது காப்புறுதி ஆகாது.

பெயர் பல, குடும்பம் ஒன்று

ஆஸ்பிரினால் ஒருமுறை துன்பப்பட்டவர், “அந்த மாத்திரைதானே ஆகாது, வேறு மாத்திரை உண்போம்” என்று கருதினால், அங்கேதான் இரண்டாம் முறை அகப்பட்டுக்கொள்கிறார். முதல் மதகை மூடும் மருந்துகள் ஒரு பெரிய குடும்பம். ஆஸ்பிரின், இபுபுரோபென், மெபினாமிக் அமிலம், டைக்ளோபினாக், நாப்ரோக்சன், இண்டோமெதசின், பைராக்சிகாம், கீட்டோரோலாக் ஆகியவை அக்குடும்பத்தின் உறுப்பினர்கள். அவற்றுள் ஒன்று மூச்சை அடைத்ததாயின், ஏனையவும் அடைக்கும் என்றே கொள்ள வேண்டும்.

கடையில் நாம் கேட்பதோ இப்பெயர்களை அன்று. மாதவிடாய் வலிக்கும் பல்வலிக்கும் பெண்கள் அறிந்த ‘போன்ஸ்தான்’ மாத்திரையில் இருப்பது மெபினாமிக் அமிலம். மூட்டு வலிக்கு அறிந்த ‘வொல்தரன்’ மாத்திரையில் இருப்பது டைக்ளோபினாக். ஒரே மருந்து வெவ்வேறு நிறுவனத்தாரால் வெவ்வேறு பெயரில், வெவ்வேறு நிறத்தில் செய்யப்படுகிறது. ஆகையால், நிறத்தைப் பார்த்தோ அட்டையின் அழகைப் பார்த்தோ மாத்திரையை அறிய இயலாது. பெட்டியின் மீது சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் உள்மருந்தின் பெயரையே பார்க்க வேண்டும். அதனைப் படிக்க இயலாத பெரியவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் படித்துக் காட்டலாம். வெள்ளிக் காகிதத்தைத் துண்டுதுண்டாக வெட்டி, பெயரில்லாத மாத்திரைகளை டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மாத்திரை மட்டுமன்று. நீரில் போட்டால் நுரைத்துக் கரையும் தலைவலி மருந்துகள் சிலவற்றில் ஆஸ்பிரின் உண்டு. சளிக்கான கூட்டு மருந்துகள் சிலவற்றில் இபுபுரோபென் உண்டு. வலிக்கு இடப்படும் ஊசிகள் சிலவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. “டாக்டர், ஊசி போட்டுவிடுங்கள்” என்று கேட்குமுன், “எனக்கு இழைப்பு உண்டு, இன்ன மாத்திரை ஆகவில்லை” என்று சொல்லிவிட வேண்டும். டைக்ளோபினாக் கலந்த பூச்சு மருந்துகளைக்கூட இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்துவது நன்றன்று.

மூட்டு வலிக்கு என்று சந்தைகளிலும் வீடு வீடாகவும் விற்கப்படும் பொடிகளையும் உருண்டைகளையும் பற்றி ஒரு சொல். மூலிகை என்று எழுதப்பட்ட சில பொருள்களில் டைக்ளோபினாக் போன்ற வலி மருந்துகளும் ஸ்டீராய்டு மருந்துகளும் மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததை நம் சுகாதார அமைச்சின் சோதனைகள் பன்முறை கண்டறிந்துள்ளன. மூலிகைதானே என்று நம்பி உண்பவர், தாம் உண்பது இன்னதென்று அறியாமலே ஆபத்தில் வீழ்கிறார். அமைச்சிடம் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் பதிவெண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள்.

எதனை உண்ணலாம்?

வலியைப் பொறுத்துக்கொண்டே இருங்கள் என்று நாங்கள் கூறவில்லை. பாரசிட்டமால் என்னும் மருந்து, நம் மக்கள் ‘பெனடோல்’ என்று அறிந்தது, இந்நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு ஏற்றது. ஆயினும் 1,000 மில்லிகிராம் அளவில், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டினை ஒரே வேளையில் உண்ணும்போது, இவர்களுள் சிலருக்கு இலேசான இழைப்பு வருவதுண்டு. எனவே ஒரு வேளைக்கு ஒரு மாத்திரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எவராயினும் ஒரு நாளில் 4,000 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் ஈரலுக்குக் கேடு. செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்ற வேறு வகை வலி மருந்துகளும் உண்டு. இவை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றன எனினும், முதல் முறை மருத்துவரின் பார்வையில் உண்பதே முறை. இவற்றோடு, சுடுநீர் ஒற்றடமும் ஓய்வும் இடுப்பைக் காத்துச் சுமை தூக்கும் பழக்கமும் எந்த மாத்திரைக்கும் குறைந்தவை அல்ல.

இதய நோய்க்காக நாள்தோறும் சிறிய அளவு ஆஸ்பிரின் உண்பவர்கள் இவ்வுரையைக் கேட்டு அதனைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது அவர்களின் இரத்தக் குழாயைக் காக்கும் மருந்து. இழைப்போ மூக்கு நோயோ இருப்பின் மருத்துவரிடம் கூறுங்கள். அவர் முடிவு செய்வார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோய் ஒன்றுக்கு அது வழிவகுக்கும். டெங்கிக் காய்ச்சல் என்று ஐயம் இருந்தாலும், வயது எதுவாயினும், இக்குடும்பத்து மருந்துகள் இரத்தக் கசிவை மிகுவிக்கும். ஆதலால் அங்கும் பாரசிட்டமாலே உரியது.

இந்நோய்க்கு மருத்துவமும் உண்டு. உள்ளிழுக்கும் மருந்து, மூக்கைக் கழுவுதல், லியூகோட்ரையீனைத் தடுக்கும் மாத்திரை, சதையை அகற்றும் அறுவை ஆகியவை பயன் தருகின்றன. மருத்துவமனையில் சிறுகச் சிறுக ஆஸ்பிரினைக் கொடுத்து உடலைப் பழக்கும் முறையும் உண்டு. அது சிறப்பு மருத்துவர் மட்டுமே செய்யத்தக்கது.

மூச்சு முட்டினால்

மாத்திரை உண்டபின் மூச்சு முட்டினால் செய்ய வேண்டுவன இவை:

1. நோயாளியை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்காதீர்கள்.

2. இழைப்பைத் தணிக்கும் நீலநிற உள்ளிழு மருந்து இருப்பின், ஒவ்வொன்றாக நான்கு இழுப்புக் கொடுங்கள். நான்கு நிமிடம் கழித்தும் தணியாவிடில் மீண்டும் நான்கு இழுப்புக் கொடுங்கள்.

3. அப்போதும் தணியாவிட்டால், அல்லது பேச முடியாமற் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, முகமும் தொண்டையும் வீங்கினாலோ, ஒரு நொடியும் தாமதியாமல் 999 எண்ணை அழையுங்கள். தோட்டத்து வண்டி எதுவாயினும் ஆயத்தம் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

4. நோயாளி உண்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். மருத்துவருக்கு அதுவே சிறந்த சான்று.

5. வேறு எந்த வலி மாத்திரையையும் கொடுக்காதீர்கள்.

நமது கடமை

முற்காலத்தில் தோட்டத்து ‘டிரெசர்’ நம் குடும்பத்தார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது அவர் நினைவில் இருந்தது. இன்று நாம் பக்கத்து நகரத்து மருந்தகத்திலும், அரசாங்க மருந்தகத்திலும், தனியார் மருத்துவரிடமும், மளிகைக் கடையிலும் மருந்து வாங்குகிறோம். நம்மை அறிந்த ஒருவர் எங்கும் இருப்பார் என்று கூற முடியாது. எனவே அந்த நினைவை நாமே சுமக்க வேண்டியவர்களாகிறோம்.

ஆகாத மருந்தின் பெயரை ஒரு சிறு அட்டையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ தெளிவாக எழுதி, அடையாள அட்டையுடன் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் அனைவர்க்கும் அதனைச் சொல்லி வையுங்கள். வேறு தோட்டத்துக்கோ நகரத்துக்கோ மாறிச் சென்றாலும், அங்குள்ள மருத்துவரிடம் முதல் நாளிலேயே அதனைக் காட்டுங்கள். நம்முடன் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இச்செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். மூச்சுக்கு மொழியும் நாடும் இல்லை.

இறுதியாக, ஒருவர்க்கொருவர் மாத்திரை கொடுத்து உதவும் பழக்கத்தைப் பற்றிக் கூறி முடிக்கிறோம். அரிசியும் சீனியும் கைமாற்றாகக் கொடுத்து வாங்கி வாழ்ந்தவர்கள் நாம். லயத்து வீடுகளில் வளர்ந்த அவ்வன்பு என்றும் வாழ வேண்டும். ஆனால், மருந்து மட்டும் கைமாற்றுப் பொருள் அன்று. எனக்குக் கேட்ட மருந்து என் உடன்பிறந்தவருக்கே கேடு ஆகலாம். வலி என்று வருபவரிடம் மாத்திரையை நீட்டுமுன், “உங்களுக்கு இழைப்பு உண்டா? மூக்கடைப்பு உண்டா? முன்பு எந்த மருந்தாவது ஆகாமற் போனதுண்டா?” என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்று விடை வந்தால், மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவே உண்மையான உதவி.